குடிதண்ணிக் குப்பியில் ஆசிட்

ஜூன் 12, வியாழன்

விடியக்காலமே மழை. பஸ்ஸில மூணு பேருக்க குடைத் தண்ணியும் எனக்க மடியில தான்.

அடுத்த வாரம் ரப்பர் மில்லுக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வாறாராம். மொதலாளி கூப்பிட்டாரு. "சேஃப்டி பாலிசி ஒண்ணு வேணும். ஆபீசர் எடத்தில உனக்க பேரையே போட்டுக்க." பதினோரு வருசமா ஆபீஸ் மேசையில பில்லு எழுதுதேன். இன்னைக்கு அஞ்சு நிமிசத்தில பாதுகாப்பு அதிகாரி. நல்ல கூத்து!

பாலிசி அவருக்க மருமகன் எங்கேயோ இருந்து எடுத்து அனுப்பினது, நாப்பது பக்கம். நடையில பனி உறைஞ்சா உப்பு விதறணுமாம். பனியே விழாத வெள்ளறடையில! அதை வெட்டினேன். மிச்சத்தை சுருக்கி, தமிழிலயும் மலையாளத்திலயும் சார்ட்டில எழுதணும்.

செய்ய உள்ளது:
– சார்ட் 2, ஸ்கெட்ச் பேனா
– முதலுதவிப் பெட்டி. சாவி யாருகிட்ட?
– கையுறை, கண்ணாடி. ஸ்டோரில உண்டாம்
– இவருக்கு இருமல் மருந்து

சாவி கெடைக்கல்ல. தாசன் ஸ்க்ரூ டிரைவர் வச்சு நெம்பினான். ரப்பர் பால் உறைய ஆசிட் கலக்குதது அவன்தான். பெட்டிக்குள்ள பஞ்செல்லாம் கருத்துக் கெடக்கு. செத்த பல்லி ஒண்ணு, முடி சுத்தின சீப்பு ஒண்ணு. "பாவம் பல்லி, அதுக்கே முதலுதவி கிட்டல்ல சேச்சி"ன்னு அவனுக்கு சிரிப்பு. பெட்டிக்கு மேல வெள்ளைப் பெயிண்ட் அடிச்சா போதுமாம். மொதலாளி உத்தரவு.

ஜூன் 13, வெள்ளி

டிரெய்னிங். மொத்தம் பதினஞ்சு நிமிசம், அதில பத்து நிமிசம் போட்டோ.

கையுறை புதுசு, கவர் பொட்டிக்கல்ல. பன்னெண்டு பேரும் போட்டு, ரோலருக்க முன்ன நின்னு சிரிச்சு, கழத்தித் தந்தாச்சு. திருப்பிக் கவரில போட்டது நான். எண்ணிப் பூட்டினதும் நான். சாவி எனக்க பேக்கில.

சரோஜம் அக்கா மட்டும் முதல்ல கழத்தல்ல. ரோலரில ரப்பர் ஷீட்டு அடிக்கத் தொடங்கி இருபது வருசம், விரலு பத்தும் தோலு உரிஞ்சு வெளுத்துப் போச்சு. "மக்கா, இதை நான் வச்சுக்கிடட்டா? நகத்துக்க இடையில எரியுது."

மொதலாளிகிட்ட கேட்டேன். "இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போட்டும், பின்ன பாக்கலாம்." இதை எந்த வாயால அவளுகிட்ட சொல்ல? சொன்னேன், சொல்லாம என்ன. அவளும் கழத்தித் தந்தா. சீ, என்ன பொழைப்போ இது.

மத்தியானம் சார்ட் எழுதினேன். கையெழுத்து நல்லாருக்குன்னு எல்லாரும் சொன்னாவ. ஆறாவது வரி: ஆசிட்டைக் குடிதண்ணிக் குப்பியில் ஊற்றக் கூடாது. ஏழாவது: யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. சிவப்பு மையில அடிக்கோடு.

சாயங்காலம் வீட்டுக்கு ஒரு குப்பி ஆசிட் ஊத்தி வச்சேன். எல்லாரும் கொண்டுபோறது தான், வீட்டில நாப்பது ரப்பர் மரம் நிக்குல்லா. வேற குப்பி கிட்டல்ல, குடிதண்ணிக் குப்பி தான் கிட்டிச்சு. மழை இருட்டிச்சு, பஸ்ஸுக்கு ஓட்டம். குப்பி ரோலர் ஷெட்டு சன்னல் படியிலயே இருந்துபோச்சு. நாளைக்கு எடுக்கணும்.

ஜூன் 14, சனி

எடுக்கல்ல.

பஸ் லேட்டு. ஆபீஸுக்குள்ள கேறினதும் போன், பின்ன பில்லு. பதினோரு மணிக்கு ஷெட்டில ஒரு விளி. ஓடிப் போனா சரோஜம் அக்கா தரையில, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு. கையில எனக்க குப்பி. ரெண்டு நாளா அக்காக்கு சளி, மூக்கடைப்பு. மணம் தெரியல்ல. தாகத்தில ஒரு மடக்கு இழுத்திருக்கா.

உதடு வெளுத்து வீங்கிச்சு. வாயில இருந்து நுரை. யாரோ உப்புத் தண்ணி கலக்கிக் குடுத்து வாந்தி எடுக்க வச்சாவ. செவரில எனக்க சார்ட் தொங்குது, ஏழாவது வரி, சிவப்பு மை. நான் அதுக்குத் தாழ நின்னு பாத்துட்டிருந்தேன். வாய் தொறக்கல்ல. தாசன் தான் ரோட்டில குறுக்கப் போய் நின்னு ஜீப்பை நிறுத்தினான், அவளுக்க தலைய மடியில வச்சுக் கொண்டுபோனான்.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில இருந்து மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பியாச்சு. தொண்டையெல்லாம் வெந்துபோச்சாம். மூக்கு வழியா குழாய். உயிருக்குப் பயமில்லன்னு சொல்லுதாவ. பேச்சு வருமான்னு இப்ப சொல்ல முடியாதாம்.

குப்பி யாருக்கன்னு எல்லாரும் கேட்டாவ. நானும் கேட்டேன். நானும்!

ஜூன் 15, ஞாயிறு

சர்ச். சரோஜம் அக்காக்க பேரைச் சொல்லி ஜெபம். எல்லாரும் ஆமென். நானும் ஆமென். எனக்க நாக்கை நானே பிடுங்கி எறியத் தோணிச்சு.

இவருகிட்ட சொல்லல்ல. "ஆசிட் எங்க?"ன்னு மட்டும் கேட்டாரு. மறந்துபோச்சுன்னேன்.

ஜூன் 16, திங்கள்

மொதலாளி தீர்மானிச்சாச்சு: குப்பி வச்சது தாசன். ஆசிட்டு ரூம் அவனுக்க பொறுப்பு, சோலி தீந்துது. விபத்துப் பதிவில நான் அப்படி எழுதணும். தாசனை காலையிலேயே வாசல்ல நிறுத்தித் திருப்பி அனுப்பியாச்சு.

கதவைச் சாத்திட்டு சொன்னேன், "குப்பி எனக்கதாக்கும்."

அவருக்கு கோவமே வரல்ல. "நீ சேஃப்டி ஆபீசர். ஆபீசரே ஊத்தி வச்சான்னு எழுதினா இன்ஸ்பெக்டர் மில்லைப் பூட்டிட்டுப் போவான். மிண்டாண்டு, வாயைப் பொத்திக்கிட்டு இரி."

"தாசன்?"

"அவனுக்கு வேற எடத்தில வேலை கிட்டும்."

வெளிய வந்தேன். சொல்லியாச்சுல்லா, இனி அவருக்க பாடுன்னு ஒரு சமாதானம். ரெண்டு நாளா எறங்காத சோறு மத்தியானம் எறங்கிச்சு. மரச்சீனிக் கெழங்கும் மீன்கறியும். ருசியா இருந்துது. அந்த ருசியத்தான் என்னால சகிக்க முடியல்ல. எனக்க மேலயே ஒரு அறப்பு, குளிச்சும் போவல்ல.

பதிவேட்டில இன்னும் எழுதல்ல. நாளைக்குள்ள வேணுமாம்.

ஜூன் 17, செவ்வாய்

வெயில். பனியன், சோத்துப் பாத்திரம் எடுக்க தாசன் வந்தான். உள்ள விடல்ல, ஆபீஸ் சன்னலண்ட நின்னான். சவரம் பண்ணல்ல.

"சேச்சி, ஒரு காயிதம் எழுதித் தரணும். நாளைக்கு இன்ஸ்பெக்டர் கையில குடுக்கணும். நான் செய்யல்லன்னு."

"நீயே எழுதலாமே"ன்னேன். எப்படித்தான் சொல்ல வந்துதோ.

"நான் எழுதினா எவன் நம்புவான்? சாயக்கடையில கேறினா கெழவிக்கு ஆசிட் குடுத்தவன்னு பறையுதானுவ. பெண்டாட்டி கிணத்துக்குப் போவல்ல, சரோஜம் அக்காக்க மகளு அங்க வருவான்னு. நீங்க எழுதினா நம்புவாவ சேச்சி."

பேப்பர் எடுத்தேன். 'தாசன் ஆகிய நான்' வரைக்கும் எழுதினேன். கிழிச்சேன். அடுத்த தாளில எனக்க பேரு. குப்பி என்னுடையது. வெள்ளிக்கிழமை மாலை ஊற்றி வைத்தவள் நான். கையுறைகளை முதலாளி சொல்லிப் பூட்டி வைத்தவளும் நான், சாவி என்னிடம். தாசனுக்கு இதில் பங்கில்லை. கையெழுத்து, கீழ பதவியும் போட்டேன். பதிவேட்டிலயும் அதையே எழுதினேன்.

அவனுக்கு வாசிச்சுக் காட்டினேன்.

"இன்னொருக்க வாசிங்க."

வாசிச்சேன்.

"சனிக்கிழமையே தெரியுமா?"

"தெரியும்."

"நான் ஜீப்புக்கு ஓடினப்பவும்?"

"ம்."

காயிதத்தை நாலா மடக்கி பிளாஸ்டிக் கவரில வச்சு சட்டைப் பையில போட்டான். சேச்சின்னு விளிக்கல்ல. போயிட்டு வாறேன்னும் சொல்லல்ல. முற்றத்தில எறங்கி நின்னு காறித் துப்பினான். எனக்க மேல படல்ல.