சாமான் அறையில் வைத்த போட்டிக்காரன் கணினி

என் வீட்டுக்காரருக்கு மிலாக்ரோஸ் வணக்கத்தோடு எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் சுகம். ஆபீஸில் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் இருந்தவர்கள் மேலாளர் வெண்டல், விற்பனைக்கார டார்லா, கணினி வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன் ரெனாட்டோ, காப்பி ஊற்றிய நான்.

எங்கள் கம்பெனி தன் பிரவுசரைப் போட்டிக் கம்பெனிக் கணினியிலும் ஓடவைக்கப் பார்த்தது. எதிரிக்கு எதற்கு உபகாரம் என்று ரெனாட்டோவிடம் முன்பே கேட்டிருந்தேன். "முக்கால்வாசிப் பேர்கிட்ட இருக்கிறது அவங்க கணினிதாம்மா. பேங்க், கடை எல்லாம் அதுல ஓடுற பிரவுசருக்குத்தான் வெப்சைட் செய்றாங்க. அங்க போகலைன்னா நம்மள யாரும் மதிக்க மாட்டாங்க" என்றான்.

ஆனால் அந்தக் கணினியை மேசையில் வைக்க இங்கே எல்லோருக்கும் கௌரவக் குறைச்சல். ஒன்றே ஒன்றை வாங்கி என் சாமான் அறையில் போட்டார்கள். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து ரெனாட்டோ சோதித்தான்.

"ஒரு கணினியில சோதிச்சா பத்தாது, பிரவுசர்ல கண்ணுக்குத் தப்பின ஓட்டை இருக்கும்" என்று கூட்டத்தில் சொன்னான்.

"ஆபீஸ் முழுக்க எதிரி சாமானை அடுக்கணுமா? நீ யார் ஆளுப்பா?" என்று டார்லா சிரித்தாள்.

"நான் பாத்துக்கறேன், விடு" என்றான் வெண்டல்.

பிரவுசரை வெளியிட்ட அன்றே அந்த ஓட்டை வழியாக இணையத் திருடர்கள் புகுந்தார்கள். முதலாளி விசாரித்தபோது, "இவன் எல்லாம் சரியா இருக்குன்னான்" என்றான் வெண்டல். இல்லை, ஓட்டை இருக்கும் என்று ரெனாட்டோ சொன்னதை நான் கேட்டேன் என்றேன். காப்பிக்காரி பேச்சு எடுபடவில்லை. ரெனாட்டோவுக்கு வேலையோடு விசாவும் போயிற்று.

கவலைப்படாதீர்கள். ஊருக்கு வருகிறான், வேலையைப் பற்றிக் கேட்காமல் தன் பிள்ளைகளோடு இருக்க விடுங்கள். இனி ஊரிலிருந்து கொண்டுவர அவன் இல்லை, கருவாட்டைத் தபாலில் அனுப்புங்கள். உங்கள் பழைய சட்டை ஒன்றில் சுற்றி அனுப்புங்கள், துவைக்க வேண்டாம்.

காப்பி கேட்கிறார்கள், போகிறேன். டார்லா விவரமில்லாதவள், முதலாளிக்கு உண்மை தெரியாது. சாகும்வரை நான் மன்னிக்காத ஆள் வெண்டல்.