பிணம் துள்ளிய காரணம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், அவளுடைய மூட்டுவலியும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். நான் நடிக்கும் டிவி தொடரில் மட்டும் இன்னும் செத்துக் கிடக்கிறேன். மருமகள்கள் உயிலுக்காக அழுது முடிக்கும்வரை என்னை எடுக்க மாட்டோம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஓய்வுபெற்றவனுக்குப் படுத்தபடியே ஒரு வேலை, குறை சொல்லக்கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன். பிணமாகக் கிடந்த நான் திடீரென்று துள்ளும் காட்சியைப் பாட்டுச் சேர்த்துச் செல்போனில் ஊரெல்லாம் சுற்றவிட்டார்களே, உன் அத்தைகூட அண்ணனுக்கு ஆயுசு கெட்டி என்றாளே, நீயும் சிரித்து வயிறு வலிக்கிறது என்று எழுதினாயே, அது நடந்த விதத்தை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். விளக்குச் சூட்டில் என் நெற்றி வேர்த்துவிட்டது. எங்கள் இயக்குநருக்கு வெடிகுண்டு என்று பெயர், முதுகுக்குப் பின்னால்தான். அவர் திரையில் அதைப் பார்த்துவிட்டு, பொணத்துக்கு வேர்க்குதுடி, கண்ணு அவிஞ்சா போச்சு என்று கத்தி, என் தலைமாட்டில் நின்ற ஒப்பனைப் பெண்மேல் கையிலிருந்த வாக்கிடாக்கியை வீசினார். அது என் மூக்குக்கு மேலே பறந்தது, நான் துள்ளினேன். அவளுக்குப் புருவம் கிழிந்து தையல். வயர் தடுக்கி விழுந்தாள் என்று சொல்லிக்கொள்ளும்படி எல்லாருக்கும் உத்தரவு.

அவள் புகார் கொடுத்தாள். விசாரணைக்குத் தலைவர் யார் என்கிறாய்? வெடிகுண்டின் மச்சான். வந்தவர்கள் எல்லாரும் வயர்மேல் பழியைப் போட்டார்கள். பொய்ப் புகார் என்று எழுதி அவளை வீட்டுக்கு அனுப்புவதுதான் பாக்கி. நான் பிணமாகக் கிடந்த கட்டிலைக் கேட்காததுபோல என்னையும் யாரும் கேட்கவில்லை. எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். உன் அம்மாதான், உயிரோட இருக்கறப்போதான் வாயத் திறக்கல, செத்த பிறகாவது பேசுங்களேன் என்றாள்.

போனேன். சொல்ல வேண்டியதையெல்லாம் குளியலறையில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போனேன், விசாரணை அறைக் கதவைத் தட்டியதும் அத்தனையும் மறந்துபோயிற்று. மச்சான் சிரித்துக்கொண்டே, கண்ண மூடிட்டுக் கெடந்த ஆளு என்ன சாட்சி தாத்தா என்றார். நான் எதுக்குத் துள்ளினேன்னு யாராவது கேட்டீங்களா, அந்தப் பாட்ட எடுத்துட்டுப் போட்டுப் பாருங்க என்று மட்டும் என் வாயில் வந்தது. சாட்சிக்கு வந்திருந்த ஒலிப்பதிவுக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்துபோய் மூலப் பதிவைப் போட்டார். வசவு, அடி விழுந்த சத்தம், அந்தப் பெண் அம்மா என்று அலறியது, எல்லாம் கேட்டது. அத்தனை நாள் சிரித்த கும்பலில் ஒருவரும் சிரிக்கவில்லை.

வெடிகுண்டை வீட்டில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள், எத்தனை நாளைக்கோ தெரியாது. அவளுக்கு வேலை தங்கியது. என்னை மட்டும் அவசரமாக நாளைக்கே அடக்கம் செய்யக் கதையை மாற்றிவிட்டார்கள். நான் செய்தது சரியா என்று நேற்றுவரை குழம்பிக்கொண்டுதான் இருந்தேன். இன்று அவள் புருவத்தில் பிளாஸ்திரியோடு வந்து எனக்குப் பவுடர் போட்டாள். கண்ண மூடுங்க தாத்தா, இனிமே நான் பாத்துக்கிறேன் என்றாள்.

உன் அலுவலகத்திலும் எவனாவது எதையாவது வீசினால் முதலில் குனிந்துகொள், பிறகு புகார் கொடு. இருவரும் நன்றாக இருங்கள், உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது. அந்தக் காட்சியை யாருக்கெல்லாம் அனுப்பினாயோ, அவர்களுக்கு அப்பா ஏன் துள்ளினார் என்பதையும் மறக்காமல் எழுது.

பிரியமுள்ள
அப்பா