மூணு விஸ்கி ஆலையும் அப்பாவும்

தென்காசி

அன்பு மகள் நிவேதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கன நானும் அப்பாவும் சுகமா இருக்கோம், அங்கன நீயும் குளிருக்குத் தொப்பி போட்டு நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருக்கணும்னு தினமும் கும்பிடுதேன். சாரல் நல்லாப் பிடிச்சிட்டு, குற்றாலத்துல கூட்டம் தாங்கல, அப்பாவுக்கு லாட்ஜுல லீவே கிடையாது. உன் சிநேகிதி ரூபி லீவு முடிஞ்சு லண்டனுக்குத் திரும்புதா, அவகிட்ட இதையும் பருப்புப் பொடியையும் குடுத்து விடுதேன், அங்கேருந்து உனக்குத் தபால்ல போட்டுருவா. போன்ல பேசினா அப்பா பக்கத்துலயே நிப்பாரு, அதான் எழுதுதேன்.

செங்கோட்டைச் சம்பந்தம் ஏன் நின்னுதுன்னு கேட்டே, அப்பா சரிப்படலன்னு மட்டும் சொல்லிட்டாரு. உன் வேலை பிடிக்காம அவருதான் கெடுத்துட்டாருன்னு நீ ரூபிகிட்ட அழுதியாமே. அப்படி இல்லட்டி. நாங்க நீ இருக்குற அந்தத் தீவுக்கு வந்தப்ப, உனக்கு டூட்டின்னு உன் வீட்டு ஓனரம்மா வழியில உள்ள விஸ்கி ஆலையெல்லாம் காட்டி எங்களக் கடலோரமா நடத்திக் கூட்டிட்டு வந்தாள்ல, அன்னைக்கு நடந்தத நீ பாக்கல. முதல் ஆலையில ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் குடுத்தாங்க. அப்பா வாங்கின கையோட மேசையில வச்சிட்டு வெளிய போயிட்டாரு. போய்ப் பாத்தா மழையில கல்லுச் சுவருமேல உக்காந்திருக்காரு, கை நடுங்குது. புள்ள காலேஜ் சேந்த வருசம் குடிய விட்டது, அந்த வாடை இன்னும் விடலயேன்னாரு, திரும்பிருவோம்னாரு. பஸ் இருக்கு, போவோம்னு நானும் சொல்லிட்டேன். பெறவு, புள்ள வேலை பாக்குற எடம் எதுன்னு கேட்டாரு. மூணாவதுன்னேன். எந்திரிச்சு நடந்தாரு. ரெண்டாவது ஆலைக்குள்ள வரல, நாங்க பாத்துட்டு வரும்வரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடலப் பாத்து நின்னாரு. ஆனா உன் ஆலையில நீ அந்தப் பெரிய மரத்தொட்டியத் தொறந்து காட்டினப்ப, அந்த ஆவியெல்லாம் மூஞ்சியில அடிக்க, கடைசி வரைக்கும் உன் பக்கத்துலயே நின்னாரு. மணம் மட்டும் பாருங்கப்பான்னு நீ கிளாஸ நீட்டினே, அவரு ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டாரு. உன் மொகம் சுருங்கிப் போச்சு. நடுக்கம் உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் கட்டிக்கிட்டாரு.

இப்ப சம்பந்த விசயம். தரகர் நல்லகண்ணு அண்ணாச்சி, பொண்ணு கெமிக்கல் கம்பெனியில இருக்கான்னு சொல்லிருவோம்னாரு. அப்பா ஒத்துக்கல. மாப்பிள்ளை வீட்டார் வந்து உக்காந்ததும் அவரே வாயத் தொறந்து, விஸ்கி ஆலையில வேலைன்னு சொன்னாரு. மாப்பிள்ளையோட அம்மா, குடியால பேர் கெட்ட வீடுன்னு கேள்விப்பட்டோம், பொண்ணுக்கும் அதே எடமான்னு கேட்டா. அப்பா சத்தம் போடல. "குடிச்சது நான். அவ படிச்சு வேலை பாக்குதா. அத மறைச்சுத்தான் கல்யாணம்னா எங்களுக்கு வேண்டாம்"னாரு. காப்பி ஆறிப் போச்சு, அவங்க எந்திரிச்சிட்டாங்க. போட்டோ பாத்து நீயும் சரின்ன எடம், வருத்தமாத்தான் இருக்கும். ஆனா அப்பா சொன்னதுதான் எனக்கும்.

இப்ப தினமும் காலையில ஐந்தருவி வரைக்கும் நடந்துட்டுதான் லாட்ஜுக்குப் போறாரு. அடுத்த வருசம் வரும்போது அந்த ரெண்டாவது ஆலைக்குள்ளயும் போயே தீரணுமாம்.

எந்தக் குறையுமில்லாம நீ நல்லா இருக்கணும் தாயி. ஞாயித்துக்கிழம போன் போட்டா, அம்மாட்ட குடுங்கன்னு சொல்லாத. அவருகிட்டயே பேசு.

உன் அம்மா,
முருகம்மாள்