மேல்காற்றில் ஓர் இறுதி ஆட்டம்

காரைக்கால்
8 ஜூன் 2025

அன்புள்ள சலோமிக்கு,

ஆண்டவர் துணையால் நான் நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீயும் டெல்பினும் மருமகனும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் நீ கேட்டதற்கு நான் "ம்" என்று மட்டும் சொன்னதில் உனக்குக் கோபம். அந்தக் கருவியைக் காதில் வைத்தால் எனக்கு வார்த்தை வருவதில்லை. எத்தா சிவில் பதிவு அலுவலகத்தில் ஊரார் பிறப்பையும் இறப்பையும் எழுதியே வேலைக்காலத்தைக் கழித்தவன். எழுதினால்தான் என் யோசனை வரிசைக்கு வரும்.

"இந்த வருஷமாவது பிரான்சுக்கு வர்றீங்களா, இல்லையா?" என்று கேட்டாய். வருகிறேன். ஆனால் எத்வால் கால்பந்துக் குழு ஆடும் கோப்பை முடியட்டும். மே மாதம் நடக்க வேண்டிய இறுதி ஆட்டம், திடலில் பொருட்காட்சி போட்டதால் ஜூலைக்குத் தள்ளிப் போய்விட்டது. நம் திடலில், பக்கத்து ஊர் நெரவிக்கு எதிராக. எத்வால் இறுதி ஆட்டம் வரை வருவது எவ்வளவு அபூர்வம் என்று உனக்கே தெரியும். இதைப் பார்த்துவிட்டால் மனம் நிறைந்துவிடும்.

இது சாக்குப்போக்கு அல்ல. அப்படித் தோன்றினால் பொறுத்துக்கொள். எனக்கே சில நேரம் அப்படித்தான் தோன்றுகிறது.

உன்,
சவரிநாதன்


சார்செல்
25 ஜூன் 2025

டெல்பின் அப்பாவுக்கு சலோமி எழுதுவது,

தோத்திரம். இங்கே எல்லோரும் நலம். வெயில் வந்துவிட்டது என்று தெருவெல்லாம் கொண்டாடுகிறார்கள். நம் ஊர் மார்கழி வெயிலுக்குக்கூட இது உறைபோடக் காணாது.

உங்கள் கடிதத்தை டெல்பினிடம் படித்துக் காட்டினேன். "அம்மா, அப்பா உன்னையா கட்டுனாரு? அந்தப் பதினோரு பேரையில்ல கட்டியிருக்காரு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிரசவம் பார்க்க வந்தவள் நான். அந்தப் பிள்ளை வருகிற செப்டம்பரில் பள்ளிக்கூடம் போகப் போகிறது. முதல் வருஷம் உங்களுக்குக் கண் ஆப்பரேஷன். அடுத்த வருஷம் வீட்டுக்கு ஓடு மாற்றினீர்கள். போன வருஷம் கோயில் திருவிழாக் கமிட்டி. இப்போது பந்து. என் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புண்ணியத்தில் எனக்குக் குடியுரிமை இருக்கிறது. உங்களுக்கும் காகிதத்தில் ஒரு தடையும் இல்லை என்று மருமகன் விசாரித்துச் சொல்லிவிட்டார். தடை எங்கே இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆட்டத்தைப் பாருங்கள். ஜெயிக்கட்டும். ஜெயித்தால் அடுத்த வருஷக் கோப்பையைக் காக்க வேண்டும் என்று எழுதிவிடாதீர்கள்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும், பின்னால் இல்லை.

உங்கள்,
சலோமி


காரைக்கால்
21 ஜூலை 2025

அன்புள்ள சலோமிக்கு,

நேற்று தோற்றுவிட்டோம். இரண்டுக்கு ஒன்று. இதை எழுதவே கை வரவில்லை. ஆனாலும் உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவது?

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். நம் திடல் கிழக்கு மேற்காகக் கிடப்பது உனக்குத் தெரியும். ஒரு கோல் கடல் பக்கம், மற்றது ஊர்ப் பக்கம். சாயங்காலம் கடல்காற்று எழும். அதனால் டாஸில் ஜெயித்தால் எத்வால் எப்போதும் முதல் பாதியில் கடல் பக்கம் பார்த்து ஆடும். எதிர்க்காற்றைத் தெம்பு இருக்கும்போதே சமாளித்துவிட்டு, களைத்த பிறகு காற்றை முதுகில் வாங்கிக்கொள்வது. நான் பையனாக இருந்த காலத்திலிருந்து இதுதான் வழக்கம். மே மாதத்துக்கு அது சரி. நேற்று ஆடி மாதம். மதியம் முழுக்க மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று. ரோட்டுப் புழுதி கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

நான் அதைப் பார்த்தேன், சலோமி. கோயில் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்றும் பார்த்தேன். இன்றைக்குக் கடல்காற்று எழாது, வழக்கத்தை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கேப்டன் செல்வின் கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்று காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். எழுந்து கயிறு வரை போனேன். "வாங்க சார், ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று தலையைக் குனிந்தான். தொட்டு ஆசீர்வாதம் செய்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். ஆடுகிறவனுக்குத் தெரியாதா, பார்க்கிறவன் போய்ச் சொல்வதா என்று நினைத்தேன். ஒருவேளை காற்று மாறி, என் பேச்சைக் கேட்டதால்தான் தோற்றோம் என்று ஆகிவிட்டால்?

பக்கத்தில் கைப்பேசிக் கடை இக்பால். "என்ன சார், என்னமோ சொல்லப் போனீங்க, மந்திரிச்சிட்டு வர்றீங்க?"

"ஒண்ணுமில்ல. கால் மரத்துப் போச்சு, நடந்துட்டு வந்தேன்."

செல்வின் டாஸில் ஜெயித்தான். வழக்கப்படி கடல் பக்கம் கையைக் காட்டினான்.

முதல் பாதியில் காற்று நமக்குத்தான். ஆனால் தூக்கி அடித்த பந்தெல்லாம் கோலைத் தாண்டிச் சவுக்குத் தோப்புக்குள் ஓடியது. ஒரே ஒரு கோல். பெனால்டியைக்கூடச் செல்வின் கம்பத்துக்கு மேலே அனுப்பினான். "காக்காய்க்கு வச்சிருக்கான்டா!" என்று இக்பால் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டாம் பாதியில் காற்று முகத்தில். நம் பிள்ளைகள் உதைத்தது நடுக்கோட்டைத் தாண்டவில்லை. நெரவிக்காரன் தலையால் முட்டி ஒன்று போட்டான். முடிகிற நேரம், நம் கோல்கீப்பர் ஜெனிஷ் ஓங்கி உதைத்த பந்து மேலே போய் அங்கேயே நின்றது. நின்று, பின்னுக்கு வந்து, நெரவிக்காரன் காலடியில் விழுந்தது. அவன் அவசரப்படவே இல்லை. கோலுக்குள் உருட்டிவிட்டான்.

வெற்றி விருந்துக்குக் காலையிலேயே பிரியாணிக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். நம் பையன்கள் ஒருவனும் உட்காரவில்லை. "வந்தவங்களுக்காவது போடுங்கடா, அரிசி என்ன பாவம் பண்ணுச்சு" என்று இக்பால்தான் இலை போட வைத்தார். நம் திடலில், நம் பந்தலில் நெரவிக்காரர்கள் சாப்பிட்டார்கள். ஜெனிஷ் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். இந்த வயதில், அத்தனை பேர் நடுவில்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி இங்கே எனக்கு என்ன இருக்கிறது? திடல் பக்கம் தலைகாட்ட மாட்டேன். மருமகனிடம் சொல்லி டிக்கெட் போடச் சொல். வந்துவிடுகிறேன்.

உன்,
சவரிநாதன்


சார்செல்
6 ஆகஸ்ட் 2025

டெல்பின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் கடைசி வரியைத்தான் பார்த்தேன். சந்தோஷத்தில் டெல்பினைக் கூப்பிட்டுவிட்டேன். பிறகு முதலிலிருந்து படித்தேன். அவள் வந்து "என்னம்மா?" என்றபோது, "ஒண்ணுமில்ல, எத்வால் தோத்துடுச்சாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மருமகனிடம் டிக்கெட் பற்றிச் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை.

ஜெயித்திருந்தால் வந்திருப்பீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்பதால் இங்கே வருகிறேன் என்றால், நான் யார்? தோற்றவன் போய் ஒதுங்குகிற இடமா?

சென்னை விமான நிலையத்தில் என்னை ஏற்றிவிட வந்தீர்கள். உள்ளே போகிற வாசலில் நான் மூன்று தரம் திரும்பிப் பார்த்தேன். பிரசவம் முடிந்ததும் வந்துவிடு என்று ஒரு வார்த்தை எதிர்பார்த்தேன். நீங்கள் பெட்டிகளின் எடைச்சீட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு தலையை ஆட்டினீர்கள். ஒரு வார்த்தை சொல்லாமல் நீங்கள் தோற்ற ஆட்டம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறீர்களா?

பையன்களுக்காக அழுதீர்கள் என்று படித்தபோது பொறாமையாக இருந்தது. இந்த வயதில் எனக்கும் வெட்கமில்லை.

உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள். பந்து, காற்று, கோப்பை எதுவும் வேண்டாம். உங்களுக்கு என்ன வேண்டும் என்று மட்டும்.

சலோமி


காரைக்கால்
28 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சலோமிக்கு,

எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இதை அனுப்புகிறேன். படித்துப் பார்த்தால் இதையும் கிழித்துவிடுவேன் என்பதால் படிக்காமல் ஒட்டப் போகிறேன்.

ஜெயித்திருந்தால் வந்திருக்க மாட்டேன். எனக்கு அந்த ஊர் வேண்டாம். அங்கே நான் டெல்பின் வீட்டு மூலையில் மரியாதையாக உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவன். பிரெஞ்சு படித்திருக்கிறேன், ஆனால் கடையில் ரொட்டி கேட்கக்கூட வாய் வராது. அந்தப் பயத்தைத்தான் கண், ஓடு, திருவிழா, பந்து என்று வருஷத்துக்கு ஒரு பெயரிட்டுச் சொல்லிவந்தேன்.

எனக்கு நீ வேண்டும். இங்கே, இந்த வீட்டில். சாயங்காலம் உள்ளே வரும்போது செருப்பைச் சத்தம் வரும்படி கழற்றிப் போடுகிறேன். குசினியிலிருந்து "வந்துட்டீங்களா?" என்று நீ கேட்பாயே, அதற்காக. கேட்க ஆளில்லை என்று தெரிந்தும் போடுகிறேன்.

அன்று வாசலில் போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும். மகளின் பிரசவத்துக்குப் போகிறவளை எப்படித் தடுப்பது என்று நினைத்தேன். பிறகு, வா என்று கூப்பிட எனக்கு என்ன உரிமை என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

வந்துவிடு, சலோமி.

உன்,
சவரிநாதன்


சார்செல்
20 செப்டம்பர் 2025

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் இப்படி ஒரு கடிதம் எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. பூசைக்குப் போகும்போதும் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். பதிலைத் தாமதித்தது உங்களைத் தண்டிக்க அல்ல.

பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் நான்தான். மேல்மாடியில் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாளுக்குக் கை நடுக்கம். மத்தியானம் அவளுக்குச் சூப் வைத்துக் கொடுக்கிறேன். என் பேச்சு அவளுக்குப் பாதிதான் புரிகிறது. இருந்தும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உங்கள் மேல் எனக்குப் பெரிய கோபம் இருந்தது. அது இருந்தவரை தினமும் உங்களோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நீங்கள் வருவீர்கள், நேரிலேயே போடலாம் என்று. உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம் போய்விட்டது. அதோடு காத்திருப்பதும் போய்விட்டது. ஏன் என்று எனக்கே புரியவில்லை. உட்கார்ந்து அழுதேன்.

நான் வரவில்லை. நீங்களும் பயந்துகொண்டு வர வேண்டாம்.

திடலுக்குப் போங்கள். வீட்டில் அடைந்து கிடந்தால் சர்க்கரை ஏறும். இக்பால் பாயை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

பீரோவில் என் புடவைகள் இருக்கின்றன. பூச்சி அரித்துவிடும். என் தங்கை மகள் ஆக்சிலியாவைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள். கலியாணப் பட்டுப் புடவையையும் சேர்த்து.

சலோமி