ஏழாம் வகுப்பின் குரல்

அரியலூர்,
22.01.2026

அன்புள்ள உங்களுக்கு,

வரும் ஜூன் மாதத்திலிருந்து எங்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் பணியிடம் இருக்காது. நிர்வாகம் அனுப்பிய கடிதத்தை நேற்று மதியம் தலைமையாசிரியை ஹேமலதா என்னிடம் காட்டினார். என் பெயருக்கு இன்னும் உத்தரவு வரவில்லை. பிப்ரவரி 27 அன்று நிர்வாகக் குழுவில் முடிவாகும் என்று அதில் இருக்கிறது.

காரணமும் எழுதியிருக்கிறார்கள். உங்கள் கம்பெனி ஏழாம் வகுப்புக்குக் கொடுத்த ஏ.ஐ. டேப்லெட்களில், ஆங்கிலம் பேசும் பயிற்சியில் பிள்ளைகளின் சராசரி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. செயற்கை நுண்ணறிவே இவ்வளவு கற்றுக்கொடுத்தால், டேப்களை எடுத்துக் கொடுத்து வாங்கி வைக்க ஓர் உதவியாளர் போதுமாம்.

இந்த மதிப்பெண்ணை என்னால் நம்ப முடியவில்லை. ராஜராஜன் என்று ஒரு பையன். உள்ளே வரலாமா என்று ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமே என்று கூச்சப்பட்டு ஜன்னல் பக்கமாக வந்து நிற்பான். டேப்பில் அவனுக்குத் தொண்ணூற்று நான்கு. அந்தப் பீரியடில் என்னை ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்பிவிடுவதால் உள்ளே நடப்பதை நான் பார்த்ததில்லை. குரல் பதிவுகள் உங்கள் பெரம்பலூர் ஆபீஸில் இருக்கும். நீங்கள்தானே ஒருங்கிணைப்பாளர். கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடத்திலேயே வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறோம்.

பெரம்பலூரிலிருந்து விக்கிரமங்கலத்தில் இருக்கும் பள்ளிக்கு பஸ் மாறி மாறி வந்தபோது இருந்த முதுகுவலி இப்போது இல்லை. ரயில் போகும்போது பாத்திரங்கள் அதிர்வதும் பழகிவிட்டது. இந்த வேலை இருக்கும்வரைதான் இந்த வாடகை வீடு. உங்களுக்குத் தெரியாததில்லை. அத்தைக்குச் சர்க்கரை மாத்திரையை மாற்றியதாகக் கேள்விப்பட்டேன். விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தென்றல்

*

பெரம்பலூர்,
28.01.2026

அன்புத் தென்றலுக்கு,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. பொங்கலுக்கு நீ வராததால் அம்மா பானையை எடுக்கவே இல்லை. குக்கரில்தான் பொங்கினாள்.

பதிவுகளைக் கேட்டேன். முதலில் சில பிள்ளைகளுடையது, பிறகு வகுப்பு முழுவதும். எல்லாப் பெயரிலும் ஒரே பெண்பிள்ளையின் குரல். கிரிக்கெட் வர்ணனை மாதிரி பேசுகிறது. விவசாயி வயலுக்குப் போகிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னபோது, ஆள் பவுண்டரியையே தாண்டிவிட்டார் என்று நினைத்தேன். அதற்கு ஏ.ஐ., நன்றாகப் பேசினாய் ராஜராஜன் என்கிறது. சொன்னது சரியா என்று பார்க்கத்தான் அதற்குத் தெரியும். யார் சொன்னது என்று பார்க்க அதற்கு யாரும் பழக்கவில்லை.

இதை உனக்கு மட்டும் சொல்கிறேன். ஜூனில் இதே டேப் இன்னும் பல பள்ளிகளுக்குப் போகிறது. உங்கள் பள்ளியில் நடந்த சோதனையின் மதிப்பெண்ணைக் காட்டித்தான் ஆர்டர் வாங்கினார்கள். சோதனை முறையாக நடந்தது என்று கையெழுத்துப் போட்டவன் நான். மேலாளர் கொளஞ்சியப்பன் சாரிடம் லேசாக ஆரம்பித்தேன். "யாராச்சும் எழுதிக் கேட்டாங்களா? கேக்கலல்ல. அப்ப வுடுங்க செந்தில்" என்றார்.

அந்தப் பெண்ணையும் நினைத்துப் பார். ஏமாற்றினாள் என்று பெயர் வரும்.

வேலை போனால் போகட்டும் தென்றல். என் சம்பளம் நம் இருவருக்கும் போதும். மாடி அறையில் உனக்குத் தனி அடுப்பு போட்டுத் தருகிறேன். அம்மாவிடமும் பேசிவிட்டேன். "அவ சமையல எட்டிப் பாக்க நான் ஏன் மாடி ஏறப் போறேன்? என் முட்டி இருக்கிற லட்சணத்துக்கு" என்றாள். அவள் சம்மதம் சொல்வது அப்படித்தான், உனக்கே தெரியும். வெள்ளையடிக்க ஆள் பார்க்கவா?

உன்,
செந்தில்குமார்

*

அரியலூர்,
03.02.2026

அன்புள்ள உங்களுக்கு,

பதிவுகளைக் கேட்டதற்கு நன்றி. நேற்று ஏழாம் வகுப்பில் விசாரித்தேன். யாரும் மறைக்கவில்லை. அந்தக் குரல் கவியாவுடையது.

"தப்பாச் சொன்னா செவப்பு வருது மிஸ். திரும்ப மொதல்லேர்ந்து சொல்லச் சொல்லுது. அடுத்தது பி.டி. பீரியடு. கவியா சொன்னா ஒரே தடவைல பச்சை வந்துடும்" என்றான் ராஜராஜன்.

"அப்ப நீ எப்பதான்டா இங்கிலீஷ் பேசுவே?"

"நான் நல்லாப் பேசுறேன்னு ஏ.ஐ. மிஸ் சொல்லுதே."

வகுப்பே சிரித்தது. கவியா எழுந்து நின்றாள். "எல்லாரும் டேப்பைக் கொண்டாந்து நீட்டுறாங்க மிஸ். மாட்டேன்னா ரொம்பப் பண்றேன்னு சொல்லுவாங்க." அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

ஹேமலதாவிடம் முதலில் அவளைப் பற்றித்தான் பேசினேன். "பிள்ளைங்க பேரு எதுலயும் வராது, அதுக்கு நான் பொறுப்பு. ஆனா கம்பெனி எழுதிக் குடுத்தாத்தான் நிர்வாகம் நம்பும். நீங்க சொன்னா வேலைக்காகச் சொல்றீங்கன்னு போயிடும்" என்றார்.

எழுதிக் கொடுப்பீர்களா, மாட்டீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள். மாடி அறையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

தென்றல்

*

பெரம்பலூர்,
09.02.2026

அன்புத் தென்றலுக்கு,

மாடியில் வெள்ளையடித்து முடித்துவிட்டார்கள். ஜன்னல் கதவுகளுக்கு மட்டும் இளநீலம், உனக்குப் பிடிக்குமே என்று. அடுப்பு மேடைக்குக் கடப்பைக் கல் வந்து இறங்கியிருக்கிறது. குழாய் எந்தப் பக்கம் வேண்டும் என்று கொத்தனார் கேட்கிறார். அம்மா இடது பக்கம் என்கிறாள். நீ சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
செந்தில்குமார்

*

அரியலூர்,
13.02.2026

செந்தில்குமார் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளியிலிருந்து உங்கள் கம்பெனிக்கு இன்று காலை ஸ்பீட் போஸ்டில் கடிதம் போயிருக்கிறது. ரசீதை ஹேமலதா என்னிடம் காட்டினார். அதில் ஒரே கேள்விதான்: ஏழாம் வகுப்பில் எல்லாப் பெயரிலும் பதிவாகியிருப்பது ஒரே குரலா? ஒருங்கிணைப்பாளர் கையெழுத்துடன் பதில் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

நீங்கள் எதை எழுதினாலும் நான் பெரம்பலூருக்கு வரப்போவதில்லை. ஒரே குரல்தான் என்று எழுதி வேலை நிலைத்தால் இங்கேயே இருப்பேன். இல்லை என்று எழுதி வேலை போனால், திருச்சியில் உடன் படித்த ராசாத்தி டியூஷன் சென்டர் நடத்துகிறாள். அங்கே போவேன், கேட்டு வைத்திருக்கிறேன். முன்கூட்டியே இதைச் சொல்வதற்குக் காரணம், பதில் எழுதும்போது நான் வருவேனா மாட்டேனா என்ற யோசனை உங்களுக்குக் குறுக்கே வரக்கூடாது. பதிலைப் பள்ளிக்கு அனுப்பினால் போதும். எனக்கு எழுத வேண்டாம்.

கோபத்தில் எழுதவில்லை. கோபம் வரும் என்று இரண்டு நாள் பார்த்தேன். வரவில்லை.

டேப் பீரியடை நிறுத்த நிர்வாகம் இன்னும் சொல்லவில்லை. நேற்றும் நடந்தது. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். இந்த வாரச் சராசரி தொண்ணூற்றிரண்டு.

கம்பெனியின் பதில் பிப்ரவரி 20, வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும். நிர்வாகக் குழு 27ஆம் தேதி கூடுகிறது. என் பெயருக்கான உத்தரவு, எதுவானாலும், மார்ச் முதல் வாரத்தில் கைக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

தென்றல்