மூத்த பிள்ளைக்குச் சேரும்

புதுப்பட்டினம்
4.9.2007

அன்புள்ள ரோகிணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த தேசத்தில் நோய் நொடி இல்லாமல் இருக்கத் திருக்கழுக்குன்றத்து அம்மனை வேண்டிக்கொள்கிறேன். மெயில் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்த வீட்டுக்கு இருப்பது ஒரே மெயில், அதைத் திறப்பவர் அப்பா, இது அவர் கண்ணில் படக்கூடாது. அவர் தாம்பரத்துக்குக் கண் டாக்டரைப் பார்க்கப் போயிருக்கிறார், பஸ் பிடித்துத் திரும்பி வருவதற்குள் எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட வேண்டும், அதனால் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா காலையில் நடக்கப் போவதை நிறுத்திவிட்டார். வழியில் யாராவது உன் தம்பி நிதினைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று பயம், கேட்காமல் போனால் அதற்கும் கோபம். சாப்பாடு பேருக்குத்தான். மீன் கொண்டுவரும் தனகோடி போன வாரம், இன்னாம்மா நீங்க, கூடையத் தொறந்துகூட பாக்கமாட்டேன்றீங்க, வூட்ல யாருமே துன்றது இல்லியா என்று கேட்டாள். நிதின் போய்விட்டதை அவளிடம் எத்தனை தரம் சொல்வது, தெரிந்தும் வாய் தவறிக் கேட்டிருப்பாள், பாவம், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குத்தான் அன்று முழுவதும் அடுப்படியில் கை ஓடவில்லை. செங்கல்பட்டுப் பெரியப்பா ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து ஆறுதல் சொல்கிறேன் என்று உயிரை எடுக்கிறார். இன்னாத்துக்கு சம்பத்து மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீற, நாளைக்கு உனுக்கும் உன் பொண்டாட்டிக்கும் கொள்ளி போட எம்பையன் தீனதயாளன் கீறான்ல, பொண்ணு அந்தூட்டு ஆளு, பறந்து பூட்டா என்றார். நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ முதல் தடவை லீவுக்கு வந்தபோது நிதினுக்கு ஒரு கனடாக் காசு கொடுத்தாயே, ஒரு பக்கம் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்குமே, அதிலிருந்துதான் அவனுக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. இதை யார் வரைந்து கொடுக்கிறார்கள் என்று துருவித் துருவிப் பார்த்து, ஊர்களுக்கும் குடும்பங்களுக்கும் சின்னம் வரைந்து பதிந்து தருவதற்கென்றே அங்கே ஒரு அரசாங்க ஆபீசு இருக்கிறது என்று கண்டுபிடித்து, பொத்தேரி ஹாஸ்டலில் படிக்க வேண்டிய நேரத்தில் தமிழ் விக்கிப்பீடியாவில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினான். முன்பெல்லாம் லண்டனுக்கோ எடின்பரோவுக்கோ எழுதிப்போட வேண்டியிருந்ததாம், எண்பத்தெட்டில்தான் சொந்தமாக ஆபீசு வைத்தார்களாம், அதில் வேலை செய்பவர்களுக்கு அந்த நாட்டு ஆறுகளின் பெயரைப் பதவிப் பெயராக வைக்கிறார்களாம். லீவுக்கு வரும்போதெல்லாம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுவான். பாலாறு அதிகாரி, செய்யாறு அதிகாரி என்று நம் ஊருக்கும் வைத்தால் எப்படி இருக்கும் அம்மா என்று சிரிப்பான். போன புரட்டாசியில் திருக்கழுக்குன்றம் ரோட்டில் அந்த லாரி வந்தபோதும் அவன் சட்டைப் பையில் அந்தக் காசு இருந்தது. போலீசில் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள், பீரோவில் வைத்திருக்கிறேன்.

அவன் போன பிறகு அந்தக் கட்டுரையை அப்பா எடுத்துக்கொண்டார். தன் பெயரில் தனியாகப் பதிந்துகொண்டு, ஒவ்வொரு வரிக்கும் புத்தகம் தேடி, தேதி சரிபார்த்து, ஒழுங்குபடுத்திக்கொண்டே வந்தார். அதுதான் அவரை உட்காரவும் எழுந்திருக்கவும் வைத்தது. நிதின் கடைசியாக எழுதிய வரி ஒன்றுதான் இழுத்துக்கொண்டிருந்தது. ஒருவருக்குக் கொடுத்த சின்னம் அவருக்குப் பின் அவருடைய மூத்த மகனுக்குச் சேரும் என்று எழுதியிருந்தான். அதன் பக்கத்தில் யாரோ, சான்று தேவை என்று போட்டிருந்தார்கள். எங்கே தேடியும் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை, அதனால்தான் உன்னைக் கேட்டார். நீயும் லீவு போட்டு நூலகத்துக்குப் போய்ப் பார்த்து, அப்படி இல்லை அப்பா, இங்கே மகன் மகள் வித்தியாசம் கிடையாது, யார் மூத்த பிள்ளையோ அவர்களுக்குத்தான் சேரும், தம்பி எழுதியது தவறு என்று புத்தகப் பெயரும் பக்கமும் குறித்து அனுப்பிவிட்டாய்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கிடைக்கவில்லை என்று ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும்? தூரத்தில் இருப்பவளுக்கு ஒரு வரி, எனக்கு அது பிள்ளை கடைசியாக வைத்துவிட்டுப் போனது. உன் போன் இரண்டு தடவை வந்தும் நான் எடுக்காமல் இருந்தது அதனால்தான், குளிக்கிறாள் என்று அப்பா சொன்னது சும்மா. அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும், வேலை பார்த்த காலமெல்லாம் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மயிரிழை விரிசல் இருந்தாலும் தள்ளிவிடு என்று எழுதிய மனுஷன். உன் மெயிலைப் படித்தார், கண்ணாடியைத் துடைத்தார், அந்த வரியை அழித்தார். சரியானதை அந்த இடத்தில் எழுத அவருக்கும் கை வரவில்லை. கம்ப்யூட்டரை மூடினவர்தான், அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. கட்டுரை நடுவில் குறையாக நின்றது, இவரும் அதைப் போலவே ஆகிவிட்டார்.

நாலு நாள் உன்னைத் திட்டிக்கொண்டே திரிந்தேன். பிறகு உன் மெயிலைத் திறந்து நானே படித்தேன். நிதின் எதையும் பார்க்காமல் எழுதுகிறவன் இல்லையே, இதை மட்டும் எங்கே படித்தான் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கேயும் படிக்கவில்லை ரோகிணி, நம் வீட்டில்தான் படித்திருக்கிறான். உன் கல்யாணத்தின்போது, இனி எல்லாம் தம்பிதான் என்று நானே பந்தியில் நின்று சொல்லவில்லையா? அவன் அதைத் தேடிப் பார்க்க வேண்டிய விஷயமாகவே நினைக்கவில்லை. என்னைக் கேட்டிருந்தால் நானும் அப்படியேதான் எழுதியிருப்பேன்.

நேற்று அப்பா பால் வாங்கப் போனபோது கம்ப்யூட்டரைப் போட்டேன். கல்யாணத்துக்கு முன் தமிழ் டைப்பிங்கில் லோயர் பாஸ் பண்ணினவள் நான், எனக்குத் தெரிந்த அந்தப் பழைய முறையையே நிதின் அதில் ஏற்றி வைத்திருந்தான். விக்கிப்பீடியாவில் பெயர் கேட்கும் இடத்தில் அவன் பெயரின் முதல் எழுத்தை அடித்தேன். மீதிப் பெயர் தானாக வந்தது, கடவுச்சொல்லும் நட்சத்திரம் நட்சத்திரமாக வந்து நின்றது. அதைப் பார்த்துவிட்டு வாய்விட்டு அழுதேன், யாரும் இல்லாதது நல்லதாயிற்று. பிறகு, சின்னம் மூத்த பிள்ளைக்குச் சேரும், மகனானாலும் மகளானாலும், என்று அடித்து, நீ அனுப்பிய புத்தகப் பெயரையும் பக்கத்தையும் அடியில் போட்டுச் சேமித்தேன். வேறொருவர் பெயரில் எழுதுவது அங்கே முறையில்லை என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன், இருக்கட்டும். அவன் தப்பை அவனே திருத்தின மாதிரி இருக்கட்டும்.

அப்புறம் பெரியப்பாவுக்குப் போன் பண்ணி, தீனதயாளன் படிப்பைப் பார்க்கட்டும், எங்களுக்கு மூத்த பிள்ளை இருக்கிறாள் என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்னா நீ, ஊர்ல இல்லாத பயக்கம் பேசிகினு கீற என்று கத்தினார், கத்தட்டும். முதல் வருஷத் திதி புரட்டாசியில் வருகிறது. மாமல்லபுரம் கடலில்தான் செய்கிறோம், அப்பாவுக்குத் தனியாகத் தண்ணீரில் இறங்கத் தெம்பு இல்லை. புரோகிதரைக் கேட்டேன், பெண் செய்து பழக்கமில்லை என்று இழுத்தார், ஆனாலும் முடியாது என்று சொல்லவில்லை. டிக்கெட் கிடைத்தால் நீ வா, உன் கையால் உன் தம்பிக்கு எள்ளும் தண்ணீரும் விடு.

உடம்பைப் பார்த்துக்கொள், அலுமினியப் பாத்திரத்தில் புளி கரைக்காதே, மாப்பிள்ளையை ராத்திரியில் வண்டி ஓட்ட விடாதே. என் ஆயுசையும் சேர்த்து நீ நூறு வருஷம் நன்றாக இரு. மறக்காமல் ஒன்று, கட்டுரையைத் திறந்தால் கடைசியாகத் திருத்தியவர் என்ற இடத்தில் நிதின் பெயர் இருக்கும், நேற்றைய தேதி போட்டிருக்கும். இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் பார்த்துவிடுவாயோ என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. பயந்துவிடாதே அம்மா, அது நான்தான்.

உன் அம்மா
சியாமளா