பாலைமரத் தூண்

மாசி 12, 1962. திங்கள்.

இன்று மாமியை முல்லைத்தீவு ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு வருடமாக அவருக்குக் காது கேட்பதில்லை. டொக்டர் ஓர் இரும்புக் கவையைத் தட்டி அதிரவிட்டுக் காதுக்கு முன்னால் பிடித்தார். மாமி சும்மா இருந்தார். அதன் அடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றியதும் திடுக்கிட்டு, "இரையுது" என்றார்.

"நரம்பு நல்லாத்தான் இருக்கு. உள்ளுக்குள்ளை ஒரு சின்ன எலும்பு இறுகிப்போச்சு. அதாலை காத்திலை வாற சத்தம் உள்ளை போகாது. மண்டை எலும்பிலை முட்டினால் கேக்கும்," என்றார் டொக்டர்.

பஸ்ஸில் வரும்போது முழுக்க அதுவே மனதில் ஓடியது. பின்னேரமானால் மாமி தன் அறையில், குசினிச் சுவரில் இரண்டு பக்கமும் தெரியப் பதிந்து நிற்கும் பாலைமரத் தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டிருப்பார். ஏன் என்று சைகையில் கேட்டால், தலைக்குக் குளிர்ச்சி என்பார். வீட்டில் வேறு தூணே இல்லையா?

வந்து அடுப்பை மூட்டினேன். மாமி வழக்கம்போல அங்கே போய்ச் சாய்ந்தார். நான் குசினிப் பக்கத்திலிருந்து அதே தூணில் நெற்றியை வைத்து, மெதுவாகக் கேட்டேன்.

"மாமி, தேத்தண்ணி குடிக்கிறீங்களே?"

சுவருக்கு அப்பாலிருந்து உடனே பதில் வந்தது. "ஓம். சீனியைக் குறைச்சுப் போடு, பிள்ளை."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் குசினியில் என் கணவரிடம், "அம்மாவைக் கிளிநொச்சிக்கு, உங்கடை தங்கச்சியிட்டை அனுப்பிவிடுங்கோ. என்னாலை இனி ஏலாது" என்று சொன்னபோது, நான் இந்தத் தூணில்தான் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன்.